ஒரே அச்சில் இரண்டு பால் ஸ்க்ரூ: கேன்ட்ரி கோணாமல் ஓட்டுவது எப்படி?

கேள்வி இது: மரவேலைக்காக வீட்டிலேயே சிஎன்சி ரூட்டர் (கணினி சொல்லும் பாதையில் மரம் வெட்டும் மெஷின்) ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறார் ஒருவர். கட்டரைச் சுமக்கும் பாலமான கேன்ட்ரி முன்னும் பின்னும் போகும் ஒய் அச்சில் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என 1200 மி.மீ. நீளத்தில் இரண்டு 1605 பால் ஸ்க்ரூ, அதாவது 16 மி.மீ. விட்டத்தில், நட்டை ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகர்த்தும் திருகுத் தண்டு. இரண்டுக்கும் நடுவே 1000 மி.மீ. இடைவெளி. ஒரே மோட்டாரை வைத்து பெல்ட்டால் இரண்டையும் சுற்றலாமா, பக்கத்துக்கு ஒரு மோட்டார் வேண்டுமா, இரண்டு மோட்டார் என்றால் ஒரே டிரைவர் (மோட்டாருக்கு மின்னோட்டம் தரும் சாதனம்) போதுமா என்று கேட்கிறார்.

நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த அளவு மெஷினுக்கு பெல்ட் வழியும் சரி, இரண்டு மோட்டார் வழியும் சரி. ஒரே டிரைவரில் இரண்டு மோட்டாரை மாட்டும் வழி மட்டும் வேண்டாம். எந்த வழியில் போனாலும் ஒன்றை மனதில் வையுங்கள்: கேன்ட்ரியை மூலைமட்டத்தில் நிறுத்த வேண்டியது ரெயிலும் அதன்மேல் ஓடும் பிளாக்கும் போல்ட்டும்தான். அந்த மட்டத்தைக் கெடுக்காமல் இரண்டு பக்கத்தையும் ஒன்றாகத் தள்ளுவது மட்டுமே மோட்டாரின் வேலை. இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, கோணலாகக் கட்டிய கேன்ட்ரியை மோட்டாரால் இழுத்து நேராக்கப் பார்ப்பவர்கள்தான் அதிகம் சிரமப்படுகிறார்கள்.

நடுவில் ஒரே ஸ்க்ரூ போட்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். கேன்ட்ரி அகலம் 500, 600 மி.மீ.க்குள் இருந்தால் அது நன்றாகவே வேலை செய்யும். உங்கள் அகலத்துக்கு ஒத்துவராது. கட்டர் ஒரு ஓரத்தில் நின்று 100 நியூட்டன் விசையில் மரத்தைத் தள்ளுகிறது என்று வையுங்கள். நடுவிலிருந்து 500 மி.மீ. தள்ளி அந்த விசை விழுவதால் 50 நியூட்டன் மீட்டர் திருகல் உண்டாகும். ஒரு பக்கத்து இரண்டு பிளாக்குகளுக்கு இடையே 200 மி.மீ. இருந்தால், அந்தத் திருகலை அந்தப் பக்கம் மட்டுமே தாங்கினால் ஒவ்வொன்றும் 250 நியூட்டன் சுமக்க வேண்டும். பிளாக் தாங்கிவிடும், ஆனால் கேன்ட்ரியின் கால் வளையும். இரண்டு ஸ்க்ரூ என்று நீங்கள் முடிவு செய்தது சரியே.

அடுத்து, ஒரு மோட்டாருக்கு அவ்வளவு பலம் இருக்குமா என்ற பயம். இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

ஸ்க்ரூ ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகர்த்துகிறது. மோட்டார் 1 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை கொடுத்தால், பால் ஸ்க்ரூவின் திறன் 90 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால், தள்ளும் விசை சுமார் 1130 நியூட்டன். அதாவது 115 கிலோவைத் தூக்குகிற விசை. மரம் வெட்ட இதில் பத்தில் ஒரு பங்கு போதும். ஆக விசையில் குறை இல்லை.

வேகமெடுப்பதில்தான் கணக்கு சுவையாகிறது. 16 மி.மீ. விட்டமுள்ள இரும்பு ஸ்க்ரூ 1200 மி.மீ. நீளத்துக்குச் சுமார் 600 கிராம் சதுர செ.மீ. நிலைமம் (சுழலத் தொடங்குவதை எதிர்க்கும் அளவு) கொண்டது. இரண்டுக்கும் 1200. பல்ஸ் ஒன்றுக்கு ஒரு சிறு ஸ்டெப் திரும்பும் ஸ்டெப்பர் மோட்டார்களில், நீமா 23 என்ற அளவின் நீளமான வகையில் உள்ளே சுழலும் ரோட்டாரே 400 முதல் 500 வரை இருக்கும். 30 கிலோ கேன்ட்ரி இந்த ஸ்க்ரூ வழியாக மோட்டாருக்கு எவ்வளவு கனமாகத் தெரியும்? வெறும் 190! கேன்ட்ரி எடையைக் குறைக்கப் படாதபாடு படுகிறோம். ஆனால் மோட்டார் உண்மையில் சுமப்பது ஸ்க்ரூவையும் தன் ரோட்டாரையும்தான். புல்லிகளையும் சேர்த்து மொத்தம் 2000 என்று வைத்து, 0.1 வினாடியில் நிமிடத்துக்கு 3 மீட்டர் வேகத்தை, அதாவது 600 ஆர்பிஎம்மை எட்ட வேண்டும் என்றால் தேவைப்படுவது 0.13 நியூட்டன் மீட்டர் அளவுதான். உராய்வையும் வெட்டு விசையையும் அதன்மேல் சேர்த்தாலும், 48 வோல்ட்டில் ஓடும் 3 நியூட்டன் மீட்டர் நீமா 23 ஒன்றே தாராளமாகச் செய்துவிடும். ‘ஒரு மோட்டார் தாங்காது’ என்ற காரணத்துக்காக இரண்டு மோட்டார் வாங்க வேண்டாம்.

ஒரே டிரைவரில் இரண்டு மோட்டாரை ஏன் தவிர்க்க வேண்டும்? இணையாக மாட்டினால் டிரைவர் தரும் மின்னோட்டம் இரண்டாகப் பிரியும். 4.2 ஆம்பியர் டிரைவரில் ஆளுக்கு 2.1தான். தொடராக மாட்டினால் இண்டக்டன்ஸ் (மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் தன்மை) இரட்டிப்பாகி, வேகம் ஏற ஏற முறுக்குவிசை சீக்கிரமே சரிந்துவிடும். இவற்றைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு மோட்டார் நின்றுபோனாலும் மற்றது ஓடிக்கொண்டே இருக்கும், டிரைவருக்கு அது தெரியவே தெரியாது. இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக ஹோமிங் செய்யவும், அதாவது சுவிட்சைத் தொடவைத்துத் தொடக்க இடத்துக்குக் கொண்டுவரவும் முடியாது. இரண்டு மோட்டாரின் செலவைச் செய்துவிட்டு அதன் ஒரே பெரிய பலனை இழப்பானேன்?

பெல்ட் வழிக்கு வருவோம். என் மனம் சாய்வது இதன் பக்கம்தான், காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரே மோட்டார் என்பதால் அது தடுமாறினால் இரண்டு பக்கமும் ஒன்றாகத் தடுமாறும். வேலை வீணாகலாம், ஆனால் கேன்ட்ரி கோணாது. கரண்ட் போய் வந்தாலும் மட்டம் அப்படியே நிற்கும்.

‘பெல்ட் இழுபடுமே, துல்லியம் போய்விடாதா?’ என்று எல்லோரும் கேட்பார்கள். இங்கே பெல்ட் நேரடியாகக் கேன்ட்ரியை இழுக்கவில்லை, ஸ்க்ரூவைத்தான் சுற்றுகிறது. பல்லுக்குப் பல் 5 மி.மீ. உள்ள எச்டிடி 5எம் வகையில் 20 பல் புல்லி என்றால் அதன் சுற்றளவு 100 மி.மீ. பெல்ட் 100 மி.மீ. நகர்ந்தால் கேன்ட்ரி 5 மி.மீ. நகரும், அதாவது 20-க்கு 1. பெல்ட் 0.2 மி.மீ. இழுபட்டால்கூட கேன்ட்ரியில் அது 0.01 மி.மீ. ஆகத்தான் தெரியும். மரவேலையில் அது கண்ணிலேயே படாது. பெல்ட்டால் நேரடியாக ஓடும் மெஷின்களில் கிடைத்த அனுபவத்தை வைத்து இதை எடைபோடக் கூடாது.

இரண்டு புல்லியும் ஒரே அளவாக இருந்தால் பெல்ட் நீளம் எளிய கணக்கு: இடைவெளியின் இரு மடங்கும் ஒரு புல்லிச் சுற்றளவும். உங்களுக்கு 2000-உம் 100-உம் சேர்ந்து 2100 மி.மீ., அதாவது 420 பல். மூடிய பெல்ட்டுகள் குறிப்பிட்ட நீளங்களில் மட்டுமே வரும். அதனால் முதலில் பெல்ட்டை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, அப்புறம் தகட்டில் துளை போடுங்கள். அகலம் 15 மி.மீ. எடுங்கள். இறுக்கத்துக்கு நகரும் ஐட்லர் (பெல்ட்டை அழுத்திப் பிடிக்கும் உருளை) ஒன்று கட்டாயம் வேண்டும். மோட்டாரை நடுவில் வைத்தால் இரு பக்கமும் பெல்ட் சமமாக வேலை செய்யும். அப்படி வைக்கும்போது மோட்டார் புல்லியில் குறைந்தது 6 பல்லாவது பெல்ட்டோடு பிடித்திருக்கும்படி ஐட்லரை அமையுங்கள். மோட்டாரை ஒரு ஸ்க்ரூவிலேயே நேராக மாட்டி, பெல்ட்டால் மற்றதைச் சுற்றினாலும் தவறில்லை. பெல்ட் சுமப்பது அப்போது பாதிச் சுமைதான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மூலைமட்டத்தைச் சரிசெய்ய பெல்ட்டை ஒரு பல் தள்ளிப் போட்டால், ஒரு பக்கம் 0.25 மி.மீ. நகரும். அதைவிட நுணுக்கமாகப் பல்லை வைத்துச் சரிசெய்ய முடியாது. ஆகவே ஒரு பக்கத்துப் புல்லியாவது கிரப் ஸ்க்ரூ (தண்டைக் குத்திப் பிடிக்கும் தலையில்லாச் சிறு திருகு) இல்லாமல், தண்டைச் சுற்றி இறுகும் கிளாம்ப் வகையாக இருக்கட்டும். அதைத் தளர்த்தி ஸ்க்ரூவைக் கையால் 7.2 டிகிரி திருப்பினால் அந்தப் பக்கம் 0.1 மி.மீ. நகரும். வேண்டிய அளவு திருப்பி இறுக்கிவிடலாம்.

இரண்டு மோட்டார் வழியில் போனால், இரண்டு டிரைவர், இரண்டு தனி ஸ்டெப் சிக்னல், இரண்டு ஹோம் சுவிட்ச், இம்மூன்றும் சேர்ந்தே வர வேண்டும். ஒன்று குறைந்தாலும் பயனில்லை. ஏன் என்று விளங்க, ஸ்டெப்பர் மோட்டாரின் இரண்டு குணங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, மோட்டார் ஸ்டெப் தவறினால் ஒரு ஸ்டெப், அரை ஸ்டெப் என்று தவறாது. காந்தச் சுழற்சி ஒன்று முழுதாகத் தாண்டித்தான் மறுபடி பிடிக்கும். அது 4 முழு ஸ்டெப், 7.2 டிகிரி. 5 மி.மீ. ஸ்க்ரூவில் சரியாக 0.1 மி.மீ. ஒரு பக்கம் மட்டும் தவறினால் கேன்ட்ரி 0.1, 0.2 என்று படிப்படியாகக் கோணிக்கொண்டே போகும்.

இரண்டாவது, பலர் கவனிக்காதது. மின்சாரம் கொடுத்த நொடியில் ரோட்டார் டிரைவரின் தொடக்க நிலைக்கு மிக அருகில் உள்ள இடத்துக்குத் துள்ளும். அந்தத் துள்ளல் எந்தப் பக்கமும் 2 முழு ஸ்டெப் வரை இருக்கலாம். ஒரு பக்கம் முன்னால் 0.05 மி.மீ., மறுபக்கம் பின்னால் 0.05 மி.மீ. துள்ளினால், காலையில் சுவிட்சைப் போட்ட உடனேயே 0.1 மி.மீ. கோணல். நேற்று வேலை முடிந்ததும் யாராவது ஒரு ஸ்க்ரூவைக் கையால் திருப்பியிருந்தால் இன்னும் அதிகம். ஒவ்வொரு முறை மின்சாரம் கொடுத்ததும் இரண்டு பக்கத்தையும் தனித்தனி சுவிட்சில் ஹோமிங் செய்வது இதனால்தான் கட்டாயம்.

மெஷினை ஓட்டும் மென்பொருளாக ஜிஆர்பிஎல் பயன்படுத்துபவர்கள் டாலர் 1 என்ற அமைப்பில் 255 போட்டுவிடுங்கள். மோட்டார் சும்மா நிற்கும்போதும் பிடியை விடாது. இல்லையென்றால் வேலைக்கு நடுவே நிற்கும்போதெல்லாம் இரண்டு பக்கமும் தனித்தனியாகத் தளர்ந்து, மறுபடி தனித்தனியாகத் துள்ளும்.

அர்டுயினோ ஊனோவில் சிஎன்சி ஷீல்டு வைத்திருப்பவர்கள், நாலாவது டிரைவர் இடத்தில் ஜம்பர் போட்டு ஒய் அச்சை நகலெடுப்பார்கள். ஓடுவது ஓடும். ஆனால் இரண்டுக்கும் ஒரே ஸ்டெப் சிக்னல் என்பதால் தனித்தனி ஹோமிங் கிடையாது. ஜிஆர்பிஎல் 1.1-இன் பிந்தைய வெளியீடுகளில், கம்பைல் செய்யும்போது தேர்ந்தெடுக்கும்படி ஒரு இரட்டை அச்சு வசதி உண்டு, அதைப் பாருங்கள். புதிதாக போர்டு வாங்குவதாக இருந்தால் ஃப்ளூயிட் என்சி மென்பொருள் ஓடும் போர்டு எனக்குப் பிடித்தது. அதில் ஒரு அச்சுக்கு இரண்டு மோட்டார் என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் தனி சுவிட்ச், சுவிட்சைத் தொட்டபின் பின்வாங்கும் தனித் தூரம் என்று கொடுக்கலாம். அந்தத் தூரங்களின் வித்தியாசமே உங்கள் மூலைமட்டத் திருத்தம். லினக்ஸ் சிஎன்சி இன்னும் ஒரு படி மேலே போகும். இரண்டு பக்கத்தையும் தனித் தனி ஜாயின்ட் ஆக எடுத்து, ஸ்க்ரூ ஒவ்வொன்றுக்கும் தனி அளவும் தனிப் பிழைத் திருத்தமும் கொடுக்க விடும். நாம் வாங்கும் சி7 தர ஸ்க்ரூவில் 300 மி.மீ.க்கு 0.05 மி.மீ. வரை பிழை அனுமதி. இரண்டு ஸ்க்ரூவும் எதிரெதிர்த் திசையில் பிழை காட்டினால், ஹோமில் நேராக நிற்கும் கேன்ட்ரி மறுமுனைக்குப் போகும்போது கோணும். இந்த ஒன்றைப் பெல்ட்டாலும் சரிசெய்ய முடியாது.

வயரிங்கில் ஒரு சிறு எச்சரிக்கை. டிஎம்542 போன்ற டிரைவரின் ஒவ்வொரு உள்ளீடும் சுமார் 10 மில்லி ஆம்பியர் இழுக்கும். போர்டின் சிக்னல் முனையிலிருந்து நேராக எடுக்காமல், நடுவே சிக்னலைப் பலப்படுத்தும் பஃபர் உள்ள பிரேக்அவுட் போர்டு ஒன்றை வையுங்கள். 3.3 வோல்ட் போர்டு என்றால் இது இன்னும் அவசியம். டிரைவருக்கு வரும் சிக்னல் பலவீனமாக இருந்தால் ஒரு பக்கம் மட்டும் எப்போதாவது ஒரு பல்ஸைத் தவறவிடும். அதைத் தேடிக் கண்டுபிடிப்பது பெரும் பாடு.

என் மெஷினில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பக்கத்துக்கு ஒரு மோட்டார், சுவிட்ச் எல்லாம் முறையாக வைத்திருந்தேன். தேக்குப் பலகையில் சாய்சதுரக் கட்டங்கள் கொண்ட கதவுப் பலகைகள் வெட்டிக்கொண்டிருந்தேன். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் அழகாக இருந்தன. ஒரு பலகையைத் திருப்பி இன்னொன்றின் பக்கத்தில் வைத்துப் பொருத்தியபோதுதான் கோடுகள் சேரவில்லை என்று தெரிந்தது. மோட்டாரையும் ஸ்க்ரூவையும் இணைக்கும் வலப்பக்கக் கப்ளிங்கின் கிரப் ஸ்க்ரூ தளர்ந்து, மோட்டார் திசை மாறும்போதெல்லாம் தண்டு கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கியிருந்தது. மோட்டார் ஒரு ஸ்டெப்கூடத் தவறவில்லை. என்கோடர் உள்ள குளோஸ்டு லூப் மோட்டாராக இருந்திருந்தாலும் இதைக் கண்டிருக்காது, ஏனென்றால் என்கோடர் இருப்பது மோட்டாரின் பின்னால், வழுக்கியதோ அதற்கு முன்னால் உள்ள கப்ளிங்கில். நல்ல தேக்கு வீணானது இன்னும் மனதை உறுத்துகிறது. அன்றிலிருந்து எல்லாக் கப்ளிங்கும் கிளாம்ப் வகைதான். தண்டிலிருந்து கப்ளிங் மேல்வரை பெயின்ட்டால் ஒரே கோடு இழுத்து வைத்திருக்கிறேன். கோடு உடைந்திருந்தால் வழுக்கியிருக்கிறது என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். நீங்களும் செய்யுங்கள், ஐந்து நிமிட வேலை.

குளோஸ்டு லூப் மோட்டார் போட்டால் இரண்டு டிரைவரின் அலாரம் வெளியீட்டையும் அவசர நிறுத்த உள்ளீட்டோடு சேர்த்து மாட்டுங்கள். எது தடுமாறினாலும் இரண்டும் உடனே நிற்க வேண்டும். ஒரு பக்கம் நின்று மறுபக்கம் 1000 நியூட்டனில் தள்ளிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று மேலே போட்ட கணக்கே சொல்லும்.

சரி, மிக முக்கியமான இரும்பு வேலைக்கு வருகிறேன். இதற்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள்.

இரண்டு நட்டையும் கேன்ட்ரியிலிருந்து கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். ஒரு பக்க ரெயிலை நேர்விளிம்பு வைத்து நேராக்கி முழுதாக இறுக்குங்கள். மறுபக்க ரெயிலின் போல்ட்டுகள் தளர்ந்தே இருக்கட்டும். கேன்ட்ரியை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெல்ல நகர்த்திக்கொண்டே, அது நிற்கும் இடத்துக்கு அருகிலுள்ள போல்ட்டை இறுக்கிக்கொண்டு போங்கள். முடிவில் கேன்ட்ரி ஒரே ஒரு கையின் தள்ளலில், எங்கும் கனக்காமல் ஓட வேண்டும். எங்காவது கனத்தால் அங்கே ரெயில்கள் நெருங்கியோ விலகியோ இருக்கின்றன. அதைச் சரிசெய்யாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

அப்புறம் நட்டுகளை மாட்டுங்கள். ஸ்க்ரூவின் இரு முனைகளைப் பிடிக்கும் பிகே12, பிஎஃப்12 தாங்கிகள் தளர்ந்தே இருக்கட்டும். கேன்ட்ரியை பிகே முனைக்கு ஒட்டிக் கொண்டுபோய் அந்தத் தாங்கியை இறுக்குங்கள். பிஎஃப் முனைக்குக் கொண்டுபோய் அதை இறுக்குங்கள். இப்படிச் செய்தால் ஸ்க்ரூ தானே ரெயிலுக்கு இணையாக வந்து நிற்கும். உயரம் பொருந்தாத இடத்தில் ஷிம் (மெல்லிய தகடு) வையுங்கள், போல்ட்டால் இழுத்துப் பொருத்த வேண்டாம்.

இனி மூலைமட்டம். ஒரு எம்டிஎஃப் பலகையை மேசையில் இறுக்கி, எக்ஸ் திசையில் 600, ஒய் திசையில் 800 என நான்கு மூலைகளிலும் மெஷினாலேயே சிறு துளைகள் போடுங்கள். நான்கிலும் ஒரே அளவு பின்கள் செருகுங்கள். இரண்டு மூலைவிட்டமும் 1000 வர வேண்டும், ஆனால் 1000 தானா என்று அளக்க நீங்கள் கஷ்டப்பட வேண்டியதில்லை. இரண்டும் சமமா என்பதுதான் கேள்வி. டேப் இதற்குப் போதாது. ஒரு நேரான சட்டத்தை ஒரு மூலைவிட்டத்தின் இரு பின்களுக்கு நடுவே சரியாகப் பொருந்தும்படி வெட்டி, அதையே மற்ற மூலைவிட்டத்தில் வைத்துப் பாருங்கள். இடைவெளி விழுந்தால் ஃபீலர் கேஜால் (தடிமன் குறித்த மெல்லிய தகடுகளால்) அளக்கலாம். சட்டம் உள்ளேயே நுழையவில்லை என்றால் அந்த மூலைவிட்டம்தான் குட்டையானது. அதற்குத் தக்கபடி சட்டத்தை வெட்டிக்கொண்டு மறுபடி பாருங்கள்.

உங்கள் அளவுகளில் ஒரு வசதி இருக்கிறது. ஸ்க்ரூ இடைவெளி 1000, செவ்வகம் 600-க்கு 800 என்பதால், மூலைவிட்டங்களின் வித்தியாசம் எவ்வளவோ, ஏறக்குறைய அதே அளவுதான் ஒரு பக்கத்தை நகர்த்த வேண்டிய தூரமும். 0.4 மி.மீ. வித்தியாசம் வந்தால் 0.4 மி.மீ. நகர்த்துங்கள். எந்தப் பக்கம்? நீளமான மூலைவிட்டம் மெஷினின் பின்பக்கத்தில் எந்த மூலையில் முடிகிறதோ, அந்தப் பக்கக் கேன்ட்ரி பின்னால் முந்திப் போய் நிற்கிறது. அதை முன்னால் கொண்டுவாருங்கள்.

இந்தத் திருத்தத்தை முதலில் கேன்ட்ரியின் கால் போல்ட்டைத் தளர்த்திச் செய்யுங்கள். சுவிட்சை நகர்த்தியோ மென்பொருளில் எண் போட்டோ செய்வது கடைசி 0.1, 0.2 மி.மீ.க்கு மட்டும். 1 மி.மீ. கோணலாக நிற்கும் கேன்ட்ரியை மோட்டாரால் நேராக்கினால், அந்த நிமிர்த்தும் விசையைப் பிளாக்குகள் வேலை நேரம் முழுவதும் சுமக்கும். கட்டமைப்பில் இந்த இறுக்கம் இருக்கிறதா என்று அறிய எளிய சோதனை: ஹோமிங் முடிந்தபின் மோட்டார்களின் மின்சாரத்தை நிறுத்தி, கப்ளிங்குகளைக் கவனியுங்கள். அவை தானாகத் திரும்பினாலோ, கேன்ட்ரி ‘டக்’ என்று ஓசையிட்டாலோ, இரும்பு வேலை இன்னும் முடியவில்லை.

ஸ்க்ரூ இன்னும் வாங்கவில்லை என்றால் இரண்டு விஷயங்களை மாற்றச் சொல்வேன். ஒன்று, 1605-க்குப் பதில் 1610 எடுங்கள். 1200 மி.மீ. ஸ்க்ரூ ஒரு முனை இறுக்கமாகவும் மறுமுனை தாங்கலாகவும் இருக்கையில் சுமார் 1450 ஆர்பிஎம் வரை அதிராமல் சுற்றும். ஸ்டெப்பர் நன்றாக இழுப்பதோ 600 முதல் 1000 ஆர்பிஎம் வரைதான். 1605-இல் அது நிமிடத்துக்கு 3 முதல் 5 மீட்டர், 1610-இல் 6 முதல் 10 மீட்டர். மரத்துக்கு வேகம் வேண்டும், மெதுவாக ஊர்ந்தால் கட்டர் உரசி மரம் கருகும். தள்ளும் விசை பாதியானாலும் 560 நியூட்டன் மிச்சமிருக்கிறது. ஆனால் மேலே சொன்ன துள்ளலும் ஸ்டெப் தவறும் தூரமும் பெல்ட் பல்லின் அளவும் இரட்டிப்பாகும் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

இரண்டு, பிகே12-க்கு வழக்கமாகக் கடைந்து தரும் 10 மி.மீ. தண்டு முனை 15 மி.மீ. நீளம்தான் இருக்கும். கப்ளிங்குக்கே அது சரியாகப் போய்விடும், புல்லிக்கு இடமிருக்காது. ஆர்டர் கொடுக்கும்போதே வரைபடத்தில் அந்த முனையை 40 மி.மீ. என்று எழுதிக் கொடுங்கள். இன்று இரண்டு மோட்டார் வழியில் போனாலும், நாளை ஒரு பெல்ட்டைப் போட்டு இரண்டு பக்கத்தையும் பிணைக்க இடம் இருக்கும்.